ஊர் பார்க்கப் போட்ட கூரை

முத்தழகுக்குக் காரைக்குடி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, இரவு ஷிப்ட். காலை பஸ்ஸில் கல்லலுக்குத் திரும்பி, சோறாக்கி இறக்கிவிட்டுப் பாயை விரித்தால், தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு கொதிக்கத் தொடங்கியிருக்கும். எழுபத்து மூன்றாம் வருஷம் கீற்றைப் பிரித்துவிட்டுப் போட்ட கூரை அது. இரண்டு கோடையாக அவள் சரியாகத் தூங்கவில்லை.

“சீட்டுக்கு மேல கீத்து வேஞ்சிருங்க, சூடு இறங்காது” என்று கூரை போட்ட கொத்தனாரே சொன்னார். அவள் கணவன் சேதுபதிக்கு முகம் சுருங்கிவிட்டது.

“மறுபடியும் கீத்து வீடுன்னு ஊரு சொல்லவா?”

உட்புறமாகத் தெர்மாகோல் அட்டை அடித்துவிடலாம் என்றான். அது யார் கண்ணிலும் படாதாம். மதுரைக்குப் போய் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கி வந்தான். அதைத் தட்டித் தட்டிப் பார்த்ததிலேயே பங்குனி போய்ச் சித்திரை வந்துவிட்டது.

ஒருநாள் மதியம் அவளை வீடெல்லாம் தேடினான். மாட்டுக் கொட்டகையில், கீற்றுக் கூரையின் கீழே, பசுவுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்திருந்தாள்.

“பாக்குறவுக என்ன நினைப்பாக? எந்திரிச்சு உள்ள வா.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“ஊரு பாக்கணும்னு போட்டீகள்ல, அதுக்குக் கீழ நீங்க படுத்துக்கங்க. மாட்டுக்கு வேஞ்சது எனக்குப் போதும்.”