நிரூபாவின் விசில்

நிரூபாவின் பேச்சை எடுத்தாலே மில்லிக்கனில் குடியேறிய தமிழ்ச் சனத்துக்குச் சிரிப்பு வந்துவிடும். நாற்பத்திரண்டு வயது, பல் வைத்தியரிடம் வரவேற்பாளர் வேலை. சனிக்கிழமையானால் கோடு போட்ட சட்டையும் விசிலுமாக லக்ரோஸ் மைதானத்தில் நடுவராக ஓடுவாள். அஜின்கோர்ட்டில் பள்ளிக்கூடம் படித்தபோது பிடித்த பைத்தியம். "உதென்ன, மீன் பிடிக்கிற வலையோ?" என்று கேட்காத அன்ரி கிடையாது. பட்மின்ரனுக்குப் பிள்ளையை விடும் சனம், தடி நுனி வலையில் பந்தை ஏந்தி ஓடும் விளையாட்டென்றால் முகம் சுளித்தது.

ஆறு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிப் பன்னிரண்டு பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஒரு குழு அமைத்தாள்; பயிற்றுநரும் அவளேதான். முதலில் மகளைத் தந்தவள் அவளோடு படித்த கௌசி. அந்த மகள்தான் பிரதீபா, வயது பதின்மூன்று. பன்னிரண்டில் ஒன்று குறைந்தாலும் குழு இல்லை என்று லக்ரோஸ் சங்கம் சொல்லியிருந்தது.

மே மாதம் ஒஷாவாக் குழுவோடு ஆட்டம். வரவேண்டிய நடுவர் வரவில்லை. முந்திய கிழமை விளையாட வந்த பிள்ளையொன்றின் தகப்பன் காரடியில் மறித்து வாய்க்கு வந்தபடி ஏசியதில் மனுஷன் வேலையையே விட்டுவிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒஷாவாப் பயிற்றுநர் அன்ட்ரூ சம்மதிக்க, நிரூபாவே விசிலை எடுத்தாள்.

ஆட்டத்துக்கு முன், காலையிலேயே, நடுவர் ஒவ்வொரு தடியையும் பார்க்கவேண்டும். வலையில் போட்ட பந்து விளிம்புக்கு மேலே தெரியவேண்டும். அமிழ்ந்துபோனால் பந்து லேசில் விழாது, அது அளாப்பு, கள்ள ஆட்டம். பிரதீபாவின் வலையில் பந்து ஒரு நூலளவு அமிழ்ந்தது.

"கயிறை இழுத்துக் கட்டு, செல்லம்," என்றுவிட்டு நிரூபா அடுத்த தடிக்குப் போனாள். திரும்பி வந்து பார்க்கவில்லை. வேறு பிள்ளையென்றால் தடியை வெளியே வைத்திருப்பாள்.

கடைசி நிமிடத்தில், தூறல் மழைக்குள், பிரதீபா வெற்றிக் கோலை அடித்தாள். அன்ட்ரூ கையை உயர்த்தித் தடியைச் சோதிக்கச் சொன்னார். பந்து அமிழ்ந்தது. நிரூபா கோலை அழித்தாள். சட்டம் அதுதான்.

கௌசி கோட்டைத் தாண்டி ஓடிவந்தாள். "காலமை நீதானே பாத்தனி? அப்ப சரியா இருந்ததோ, சொல்லு!"

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிரூபா விசிலை ஊதி ஆட்டத்தை முடித்தாள். பிரதீபா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அன்றோடு 'அளாப்பிக் கோல் அடிச்சவள்' என்ற பேர் பிள்ளையில் ஒட்டிக்கொண்டது.

கௌசி மகளைக் குழுவிலிருந்து நிற்பாட்டினாள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் விலகினார்கள். ஜூலையில் குழு கலைந்தது. ஆறு வருடப் பாடும் போயிற்று.

ஓகஸ்ட் கடைசியில், மனம் கேளாமல், நிரூபா போன் எடுத்தாள். "கௌசி, பிழை என்னிலைதான். காலமையே கண்டனான். விட்டிட்டன்."

"தெரியும்." கௌசியின் குரலில் கோபம் கூட இல்லை. "அண்டைக்குக் காருக்கையே பிள்ளை சொன்னவள். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா, அன்ரியின்ரை விசிலைப் பறிச்சுப்போடுவினம் எண்டு அழுதவள். நீயா வந்து சொல்லுவாய் எண்டு இந்தக் கோடை லீவு முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தவள்." போனை வைத்துவிட்டாள்.

நிரூபா நடந்ததை உள்ளபடி எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினாள். விசிலை யாரும் பறிக்கவில்லை. நடுவருக்கு அவ்வளவு தட்டுப்பாடு. எச்சரிக்கைக் கடிதத்தோடு அடுத்த சனிக்கிழமை அவள் நடுவராக நிற்கவேண்டிய ஆட்டத்தின் விபரத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள்.

போனாள். பிரதீபா வயதுப் பிள்ளைகள் தடியை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு வலையிலும் இரண்டு தரம் பந்தைப் போட்டுப் பார்த்தாள். அழுகையில் பந்து சரியாகத் தெரியவில்லை.