கம்போடியாவுக்கு ஒரு மஞ்சள் முடிச்சு

தோளிலிருந்து சிலிண்டரை இறக்கி வைத்த கையோடு, தேவா இரண்டு கைகளையும் மூக்கு நுனிவரை தூக்கிக் குவித்து, "ஜும்ரியப் சுவா" என்பார். கம்போடியாவில் வணக்கத்தை அப்படித்தான் சொல்வார்களாம். முதல் வாரம் கோட்டையூரில் எங்கள் தெருவே, "என்ன தேவா, உடம்புக்கு முடியலையா?" என்று பதறியது. இப்போது பெண்கள் பாத்திரம் கழுவிய ஈரக்கையைக் குவித்துப் பதில் வணக்கம் போடுகிறார்கள்.

கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் போடுகிறவர். ஐம்பதை நெருங்குகிறார். காரைக்குடியில் ஒரு சின்ன சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையிலிருந்து சிலர் மாசி மாதம் கம்போடியாவுக்கு ஊழியம் செய்யப் போகிறார்கள். அதில் இவரும் ஒருவர். அவரவர் செலவை அவரவரே திரட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. மதுரைக்கு அங்குட்டுப் போயிராத மனிதர், போகிற நாட்டில் குச்சியால்தான் சாப்பிட வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டு ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு இடியாப்பத்தோடு மல்லுக்கட்டியதை நானே பார்த்தேன். சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டேன்.

நிதிக்காக முதலில் ஆட்டுக்கறி பிரியாணி போட்டார். வீடு வீடாகக் கூப்பன் விற்கக் கிளம்பினார். அது கார்த்திகை மாதம். ஊரில் பாதிப் பேர் கழுத்தில் மாலை.

"கார்த்திகையில போயி கறிச்சோறு விக்கிறீகளே, காலண்டரே பாக்க மாட்டீகளா?" என்று டீக்கடைச் செம்மலை தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்களுக்கு அது கிறிஸ்துமஸ் மாசம்ணே" என்றார் தேவா, பரிதாபமாக. ஒரு அண்டா பிரியாணியைச் சபையே மூன்று வேளை சாப்பிட்டுத் தீர்த்தது.

அப்புறம் நேராகவே கேட்கத் தொடங்கினார். பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. எதிர்வீட்டு விசாலம் ஆச்சியிடம், "இயேசுவைப் பத்திச் சொல்லக் கம்போடியாவுக்குப் போறேன் ஆச்சி. ஒத்தாசை பண்ணுனீகன்னா புண்ணியமாப் போகும்" என்று பட்டென்று போட்டு உடைத்தார். நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். பட்டையாகத் திருநீறு பூசிய வீடு அது. கதவைச் சாத்துவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

ஆச்சி கேட்டது வேறு. "அங்கன நம்ம சிவன் கோயிலு இருக்காமுல்ல?"

"இருக்கு ஆச்சி. ஆனா நான் அதுக்குப் போகலை."

"நீ எதுக்கு வேணாப் போ. போற வழியில இதையும் போட்டுட்டு வா. மகளுக்கு வரன் ஒண்ணும் தகைய மாட்டேங்குது." உள்ளே போய் மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்துகொண்டு வந்தார்.

"எங்க சபையில ஒத்துக்க மாட்டாக ஆச்சி."

"சபையிலயா குடுக்கேன்? உன் கையிலதான குடுக்கேன்? அடுப்பையே உன்னை நம்பித்தான் பத்த வைக்கிறோம்."

தேவா முடிச்சை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தெருவுக்கு விஷயம் பரவியது. மூட்டுவலிக்கு ஒன்று, மகனின் சிங்கப்பூர் வேலைக்கு ஒன்று, தீராத பங்காளிச் சண்டைக்கு ஒன்று என்று முடிச்சுகள் வந்து சேர்ந்தன. ஊழியத்துக்கென்று கொடுத்தவர்கள் சொற்பம். சிவனை அங்கே போய்ப் பார்க்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார். அவர் அங்கே யாரைப் பற்றிப் பேசப் போகிறார் என்ற கவலை எவருக்கும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டிருந்தவர், வணக்கம் சொல்லவே மறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் மீதிப் பணத்தைக் கட்டாவிட்டால் அவர் இடம் வேறொருவருக்குப் போய்விடுமாம்.

"முடிச்சுகளை அவுத்து அந்தக் காசைக் கட்டிருங்கங்கிறாரு பாஸ்டர். எல்லாம் ஆண்டவர் காசுதானங்கிறாரு. எப்படி சார் அவுக்கிறது?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நீங்கதான் அந்தச் சாமியே இல்லைங்கிறீகளே? அப்புறம் என்ன?"

சோப்பு நுரையைத் தொட்டு டியூபில் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். "நான் சொல்றது வேற சார். குடுத்தவுக இருக்குன்னு நினைச்சுத்தான குடுத்தாக?"

எனக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சபைக்குப் போனேன். தகர ஷெட், பிளாஸ்டிக் நாற்காலிகள், காதைக் கிழிக்கும் மைக். பயணம் போகிறவர்களைப் பாஸ்டர் ஒவ்வொருவராக அழைத்தார்; அவர்கள் பணக் கவரை நீட்டி, ஜெபம் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். தேவா முறை வந்தது. வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. பாஸ்டர் நல்ல மனிதர்தான், தோளில் கை போட்டு, "முடிச்செல்லாம் அவிழ்த்தாச்சா பிரதர்?" என்று மெதுவாகத்தான் கேட்டார். முதல் வரிசையில் இருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

தேவா தலையை ஆட்டினார், இல்லை என்று. சட்டைப்பையில் கையை விட்டார். கடன் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத மோட்டார் சைக்கிளின் சாவியை எடுத்துப் பாஸ்டர் உள்ளங்கையில் வைத்தார்.

"ஆர்.சி. புக்கு சீட்டுக்கடியில இருக்கு பாஸ்டர். வித்துக்கங்க."

பாஸ்டரின் கை விரிந்தபடியே நின்றது. சிலிண்டர் தூக்கிக் காய்ப்பு ஏறிய தன் விரல்களால் தேவா அதை மடக்கி மூடிவிட்டு, ஜெபத்துக்குத் தலையைக் குனிந்தார்.