கோமதி மேடம் தூக்கிக்கொண்டு நடந்த ஆம்ப்

சேகர் சார் ஃபோன் செய்தபோது நான் கோமதி மேடம் மேல் எரிச்சலில் இருந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. எல்லோரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள், அவர் மட்டும் பதில் போடவில்லை. "என்ன சார், பேஸ் இல்லாமத்தான் வாசிக்கணுமா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன். அவர் சொன்னார்: "பாஸ்கர், மேடம் இறந்துட்டாங்க. காலையில ஆபீஸ் கிளம்புறப்ப நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு." பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

தில்லியில் எங்கள் இசைக்குழுவைக் கேட்டவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பருத்திப் புடவையில், தோளில் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு, சிரிக்காமல் நிற்பாரே, அவர்தான். லோதி ரோடு பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். சொந்த ஊர் திருநெல்வேலி. அலுவலகத்து மனமகிழ் மன்றத்தில் யாரும் தொடாமல் கிடந்த பேஸ் கிட்டாரை நாற்பது வயதுக்கு மேல் கையில் எடுத்தவர். இது ஆண்கள் வாசிக்கும் வாத்தியம் என்று யாரோ சொன்னதற்கு, "வீணையிலயும் வாசிக்கதுக்கு நாலு கம்பிதான? அதுல வாசிச்சவளுக்கு இதுல வாசிக்க வராதோ?" என்று கேட்டாராம். சேகர் சார் கீபோர்டு, நான் டிரம்ஸ், மேடம் பேஸ், இரண்டு பாடகர்கள். எல்லோரும் அரசாங்கச் சம்பளக்காரர்கள். பிறந்த நாள், அறுபதாம் கல்யாணம், பொங்கல் விழா என்று சின்னச் சின்ன ஹால்களில் பழைய சினிமாப் பாட்டு வாசிப்போம்.

அப்போது அவரிடம் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் கிடையாது. ஹாலில் இருக்கிற ஸ்பீக்கரில் கிட்டாரைச் செருகுவார். அது பாட்டுக்கு உறுமும், இல்லாவிட்டால் ஒன்றுமே கேட்காது. ஓர் அறுபதாம் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அந்தம்மா எதுக்கு சும்மா கையை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க?" மேடம் எனக்கு அடுத்த இலையில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே சேகர் சார், பேஸை கீபோர்டிலேயே இடது கையால் வாசித்துவிடலாமே என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். மேடம் சாம்பாரைப் பற்றிப் பேசுகிற குரலில், "ஆம்ப் வாங்குதேன்" என்றார். என் தலைவலி அன்று ஆரம்பித்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேஸ் ஆம்ப் என்பது தாழ்ந்த சுரங்களுக்கென்றே செய்த பெட்டி. டிரம்ஸோடு சேர்ந்து கேட்கும்படி சத்தம் வேண்டுமென்றால் பெரிய பெட்டி வேண்டும், அது கனக்கும். கனமில்லாமல் அதே சத்தம் வேண்டுமென்றால் விலை ஏறும். விலையும் குறைவு, கனமும் குறைவு என்றால் சத்தம் இருக்காது. இதில் இரண்டுதான் கிடைக்கும், மூன்றும் கிடைக்காது. இதை நான் மேடத்துக்குப் பேப்பரில் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூணும் வேணும். அதோட மெட்ரோ ஸ்கேனர் வாய்க்குள்ள போகணும்" என்றார். அவர் போவது வருவதெல்லாம் மெட்ரோவில்; பையைச் சோதிக்கும் அந்த இயந்திரத்தில் நுழையாத எதையும் உள்ளே விட மாட்டார்கள். மகள் நித்யா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்ததால் பணத்தில் ஒரு எல்லை வைத்திருந்தார். அதைத் தாண்டப் பேச்சே இல்லை.

சனிக்கிழமைகளை எல்லாம் தரியாகஞ்ச் பக்கத்து வாத்தியக் கடைகளில் தொலைத்தோம். கடைக்கு வருகிறவர்கள் ஆம்ப்பில் வாத்தியத்தைச் செருகி வாசித்துப் பார்ப்பார்கள். மேடம் முதலில் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு கடையின் மாடிப்படி ஏறுவார், இறங்குவார், கீழே வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். கடைக்காரர் பதறிப்போய், "மேடம், பஜாகே தோ தேக்கியே!" என்று வாசித்துப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார். "பெஹ்லே உடாகே தேக்தி ஹூம், பையா" என்றார் மேடம். முதலில் தூக்கித்தான் பார்ப்பாராம். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். மூன்றாவது வாரம் எங்களைக் கண்டதுமே அவர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

சென்னைக்கு மாற்றலாகிப் போகிற ஒருவர் தன்னுடைய பெரிய ஆம்ப்பைப் பாதி விலைக்கும் கீழே தருவதாகச் சொன்னார். புசா ரோடில் அவர் வீட்டுக்குப் போனோம். மேடம் அதில் ஒரு பல்லவியை வாசித்ததும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் வாசிப்பு இவ்வளவு அழகா என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. விலையும் அவர் எல்லைக்குள் இருந்தது. ஆனால் தூக்கிப் பார்த்தார், வாசல் வரைகூடப் போக முடியவில்லை. "வேண்டாம்" என்றார். நான் கத்திவிட்டேன். "நான் தூக்குறேன் மேடம்! சேகர் சார் தூக்குவார்! இத்தனை ஆம்பளைங்க எதுக்கு இருக்கோம்?" அவர் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கு நீங்க தூக்குவிய. நாளைக்கு ஒங்களுக்கு வர முடியலன்னா நான் வாசிக்காண்டாமா?" எனக்குக் கோபம் இன்னும் கூடியது. திரும்பும் வழியெல்லாம் அவருக்கு நாலடி முன்னாலேயே நடந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கடைசியில் யாரையும் கேட்காமல் ஒரு சின்ன ஆம்ப்பை வாங்கிவிட்டார். ஒத்திகைக்கு வந்து பார்த்தால், பழைய டிவி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி சுவரோரம் உட்கார்ந்திருக்கிறது. முதல் பாட்டு ஆரம்பித்தோம். நான் நினைத்தபடியே பேஸ் காதில் விழவே இல்லை. "சொன்னேன்ல மேடம்!" என்றேன். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? மேடம் குனிந்து ஆம்ப்பைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பெட்டியில ஒரு குறையும் இல்ல. நீங்க எதுக்குய்யா கல்லு ஒடைக்கிய?" என்றார்.

அதிலிருந்து எங்களுக்கு விடிவு இல்லை. என் டிரம் மேல் துண்டை விரிக்கச் சொன்னார். குச்சியை வைத்துவிட்டு, சத்தம் குறைவாக வரும் கம்பிக் குஞ்சப் பிரஷ்ஷால் அடிக்கச் சொன்னார். சேகர் சாரின் கீபோர்டு சத்தத்தைத் தானே போய்த் திருகிக் குறைத்தார். ஆம்ப்பைச் சுவர் மூலையில் தள்ளிவைத்தால் தாழ்ந்த சுரம் கூடுதலாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்து, எந்த ஹாலுக்குப் போனாலும் மேடையின் மூலைக்குச் சண்டை போட்டார். இருபது வருடமாக டிரம்ஸ் அடிக்கிறவனிடம், ஒரு பெட்டி வாங்கிய தைரியத்தில், "கொஞ்சம் மெதுவா" என்று பாட்டுக்குப் பாட்டு சொன்னால் எப்படி இருக்கும்? ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "மேடம், ஒரு ஆம்ப்புக்காக நாலு பேரும் மாறணுமா?" "ஒருத்தி கேக்கணும்னா நாலு பேரும் கொஞ்சம் அடங்கணும். ஆபீஸ்லயும் அப்படித்தான்" என்றார்.

எரிச்சலில் பெரிய எரிச்சல், அது பலித்ததுதான். அடுத்த பிறந்த நாள் விழாவில் முன்வரிசைக் கிழவர் ஒருவர் கூடவே பாடினார். அவர் பாடுவது மேடை வரை கேட்டது. பாட்டின் சொற்கள் கேட்டன, பேஸ் கேட்டது, என் பிரஷ்கூடக் கேட்டது. சத்தம் அதிகம் என்று வழக்கமாக ஆள் அனுப்பும் பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்று அனுப்பவில்லை. அதன் பிறகு வீட்டுக் கூடத்தில் வாசிக்கக்கூட எங்களைக் கூப்பிட்டார்கள். மேடம் என் பக்கம் திரும்பி, "பாத்தியளா?" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நான் தட்டிலிருந்த ஜாங்கிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருடங்களில் அந்தப் பெட்டியை யாரையும் தொடவிட்டதில்லை. கச்சேரி முடிந்ததும் சேகர் சாரின் காரில் கீபோர்டும் என் டிரம்ஸும் ஏறும். மடியில் வைத்துக்கொள்கிறேன் மேடம், கொடுங்கள் என்றால், "லேசாத்தான் இருக்கு, நீங்க போங்க, ஜல்தி ஜல்தி" என்று துரத்திவிடுவார். மெட்ரோவில் ஒருமுறை காவலர் நிறுத்தி உள்ளே என்ன என்று கேட்டதற்கு, அங்கேயே கிட்டாரைச் செருகிக் காட்டட்டுமா என்று இந்தியில் மிரட்டியிருக்கிறார். காவலர் பயந்துபோய் விட்டுவிட்டாராம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நித்யா கூப்பிட்டாள். அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். "அங்கிள், வோ ஆம்ப் நீங்க லேகே போங்க. எனக்கு பாக்க முடியல" என்றாள். தில்லியில் பிறந்த பெண், அவள் தமிழ் அப்படித்தான். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான் பெட்டியைத் தூக்கினேன். முதல் மாடி வளைவு வருவதற்குள் கை மாற்றினேன். அடுத்த வளைவில் கீழே வைத்தேன். கைப்பிடி விரலை அறுத்திருந்தது. என் முதுகில் கிட்டார் இல்லை, கட்டியிருப்பது புடவையும் இல்லை.

பின்னால் இறங்கி வந்த நித்யா, "அம்மாவும் ஹர் மோட்ல வெச்சிட்டு நிப்பாங்க" என்றாள். ஒவ்வொரு திருப்பத்திலும்.

"லேசா இருக்குன்னுல்ல எங்ககிட்ட சொன்னாங்க?"

"இல்ல அங்கிள். கடைசி ரெண்டு வருஷமா தோள் வலில ராத்திரி தூங்க மாட்டாங்க. அதான் உங்க எல்லாருக்கும் பெஹ்லே ஹாலுக்குப் போயிடுவாங்க. தூக்கிட்டு வர்றத நீங்க பாத்தா, பேஸ் கீபோர்டுலயே போதும், மேடம் ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொல்லிடுவீங்கன்னு டர், அந்த பயம்தான்."

நான் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது? நம்மில் அவரை அறிந்த யாருக்கும் இந்தக் கோபம் புரியும். அவர் இருந்திருந்தால் அங்கேயே பெரிய சண்டை போட்டிருப்பேன். வழக்கம்போல அவர்தான் ஜெயித்திருப்பார்.

ஆம்ப் இப்போது என் வீட்டில் இருக்கிறது. எனக்குப் பேஸ் வாசிக்கத் தெரியாது. அவர் எனக்கு விட்டுப்போனவை இரண்டு: மெதுவாக அடிக்கும் கை ஒன்று, இந்தக் கோபம் ஒன்று. கை பழகிவிட்டது. கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்டத்தான் ஆள் இல்லை, மேடம்.