மகாராணியக்காவின் முதல் வகுப்பு

பெயர் மகாராணி. முப்பத்தொரு வருடமாகக் கையில் பிடிப்பது ஏலக்காய்ச் சல்லடை. எங்கள் போடிநாயக்கனூரில் பெயருக்கும் பிழைப்புக்கும் உள்ள உறவு இந்த லட்சணத்தில்தான் இருக்கும். கோட்டைச்சாமி என்று ஒருவர் இருக்கிறார், இன்னும் வாடகை வீட்டில்தான்.

அக்கா எனக்குப் பக்கத்து வீடு. கல்யாணமான புதிதில் மலைக்குக் காய் எடுக்கப் போனவள். ஜீப்பில் முன் சீட்டு கங்காணிக்கு. பின்னால் பதினாறு பேர் அடைந்து கிடப்பார்கள், அதில் ஒருத்தி அக்கா. பிறகு ஊருக்குள்ளேயே ஒரு வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் தரம் பிரிக்கும் வேலைக்கு வந்துவிட்டாள். அவள் முதல் தரம் என்று ஒதுக்கிய குவியலை யாரும் கிளறிப் பார்ப்பதில்லை. காயின் பருமனையும் பச்சையையும் பார்த்து அவள் ஏமாற மாட்டாள். இரண்டு விரலால் அமுக்குவாள். அமுங்கிவிட்டால் உள்ளே அரிசி, அதாவது விதை, இல்லை என்று அர்த்தம். கழிவில் போட்டுவிடுவாள். ஒருமுறை முதலாளியே பழைய சரக்கைக் கலக்கச் சொன்னார். "நீங்களே கலந்துக்கங்கய்யா, என் வாயால முதல் தரம்னு மட்டும் சொல்லச் சொல்லாதீக" என்று சல்லடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் நாள் முதலாளி வீடு தேடி ஆள் அனுப்பினார்.

அவளுக்கு ஒரே மகன், பிரபாகரன். டல்லாஸில் வேலை. போன வருடம் அவன் அப்பா இறந்தார். சில மாதம் கழித்து அம்மாவை அங்கே அழைத்துக்கொண்டான். ஆறு மாதம் பேத்தி நிலாவோடு இருந்துவிட்டு, அப்பாவின் முதல் திவசத்துக்கு அம்மாவும் மகனும் சேர்ந்தே ஊருக்கு வருவது என்று பேச்சு. மகன் கையால் எள்ளும் தண்ணீரும் விழ வேண்டும். அக்காவுக்கு அது ஒன்றுதான் முக்கியம்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அவன் லீவு இல்லை என்றான். சித்தப்பா மகன் கார்முகிலை உட்கார வைத்துச் செய்துவிடலாம் என்றான். அதோடு நின்றிருந்தால் சாதாரண மகன்தான். இவனுக்கோ மனசு பெரிசு. அம்மாவுக்கு விமானத்தில் முதல் வகுப்பு டிக்கெட் எடுத்தான். எங்கள் தெருவுக்கே வாட்ஸப்பில் தகவல் வந்தது. அப்பாவுக்குத் திவசம் செய்யாதவனைத் தெருவே மெச்சிக்கொண்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் நானும் கைதட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினேன்.

கொச்சி விமான நிலையத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா சக்கர நாற்காலியில் வந்தாள். பதறிப்போனேன்.

"என்னக்கா, காலுக்கு என்ன ஆச்சு?"

"காலு நல்லாத்தான் இருக்கு. இங்கிலீசுதான் நொண்டி" என்றாள்.

அம்மாவுக்கு மொழி தெரியாதே என்று மகன் நாற்காலிக்கும் சொல்லி வைத்திருக்கிறான். மலைச் சரிவில் கூடை சுமந்தவளை ஒரு சின்னப் பெண் தள்ளிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணுக்குத்தான் மூச்சு வாங்கியது. "நீ உக்காரும்மா, நான் தள்ளுறேன்னு ரெண்டு தடவை சொன்னேன்" என்றபடி அக்கா எழுந்து, பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் வைத்தாள்.

அடிமாலி தாண்டும்வரை முதல் வகுப்பின் மகிமையைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

அரபு நாட்டு விமானம். ஏறியதும் சின்னக் கிண்ணத்தில் ஏலக்காய் போட்ட காபி கொடுத்திருக்கிறார்கள். அக்கா மோந்து பார்த்தாள். போன வருடத்துக் காய், அதுவும் நம் மலைக் காய் இல்லை. முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, போதவில்லையோ என்று இன்னும் இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்கள்.

அடுத்து இருக்கை. கதவு வைத்த தனி அறை. பொத்தானை அமுக்கினால் கட்டிலாகுமாம். ஆனது. திரும்ப நாற்காலியாகவில்லை. நடுவானத்தில் முதல் வகுப்பு மல்லாந்துவிட்டது. மலையாளப் பணிப்பெண் ஒருத்தி மண்டியிட்டு எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தாள். "ஸோரி அம்மச்சி" என்றாள். பிறகு ஒரு ஆள் வந்து இங்கிலீஷில் வருத்தப்பட்டார். அதற்குமேல் ஒருவர் வந்து இன்னும் பெரிய இங்கிலீஷில் வருத்தப்பட்டார். கட்டில் எதற்கும் அசையவில்லை.

"வழியில வேற விமானம் மாறுற வரைக்கும் பதினாலு மணி நேரம், தம்பி. படுத்தே கெடந்தேன். எந்திரிச்சு உக்காந்தா சாஞ்சுக்கிற எடமில்ல. ஆசுபத்திரியில கெடக்குற மாதிரி இருந்துச்சு, என்ன, பாக்கத்தான் ஆளு வரல."

திவச மாதம் என்று சைவச் சாப்பாடு சொல்லியிருந்தாள். தீர்ந்துவிட்டது என்று பச்சைத் தழையைத் தட்டில் அழகாக அடுக்கித் தந்தார்கள். ஆட்டுக்குப் போடுவதைக்கூட இவ்வளவு நேர்த்தியாகப் போட முடியும் என்று அக்காவுக்கு அன்றுதான் தெரிந்ததாம். உடுத்திக்கொள்ள ஒரு இரவு உடை வேறு. அதற்குள் அக்காவும் நானும் சேர்ந்தே நுழையலாம்.

நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். அக்கா சிரிக்கவில்லை.

"பக்கத்து அறையில ஆளே இல்ல. அங்க மாறிக்கச் சொன்னாக, எனக்கு மனசு வரல. போர்வையை அடுக்கி வச்சிருந்தாக. நான் கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு அதையேதான் பாத்துக்கிட்டு வந்தேன்."

பிறகு, "இந்த ஒரு சீட்டுக் காசுக்கு, பின்னாடி சீட்டுல அவன், சுசித்ரா, நிலா, நான், நாலு பேரும் வந்திருக்கலாமாம். அந்த மலையாளத்துப் பொண்ணு சொன்னா" என்றாள். சுசித்ரா அவள் மருமகள். நான் கியரை மாற்றினேன்.

பூப்பாறை தாண்டி ஏலத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது என் அலைபேசி அடித்தது. பிரபாகரன். அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, எப்படி இருந்துச்சு? மகாராணி மாதிரி வந்தியா?"

நல்லா இருந்துச்சுன்னு சொல்லுக்கா என்று நான் ஜாடை காட்டினேன். அக்கா என்னைப் பார்த்தாள். பழைய சரக்கைக் கலக்கச் சொன்ன முதலாளியையும் அப்படித்தான் பார்த்திருப்பாள்.

"காய் நல்ல பெருசுப்பா" என்றாள். "பச்சையின்னா அப்படி ஒரு பச்சை. அமுக்கிப் பாத்தேன். உள்ள அரிசி இல்ல."

அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அம்மா... லீவு கேட்டுப் பாக்குறேன்."

"கேளு. வர்ற செவ்வாக்கிழமை தெவசம். வர்றதா இருந்தா வெரசா வா. எனக்காக முன்னாடி சீட்டெல்லாம் வேணாம், ஜீப்புலயே நான் பின்னாடிதான் வந்தேன்."

வைத்துவிட்டாள். போடிமெட்டிலிருந்து கீழே இறங்கும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் பார்க்காத மாதிரி வளைவுகளை எண்ணினேன்.

திங்கட்கிழமை மதியம் மதுரை விமான நிலையத்துக்குப் போனேன். பிரபாகரன் தனியாக, கழுத்தைத் திருப்ப முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வெளியே வந்தான். வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா கேட்டது ஒரே கேள்விதான்.

"எதுலப்பா வந்தே?"

"கடைசி வரிசைம்மா, கக்கூசு பக்கத்துல. ரெண்டு பேருக்கு நடுவுல. சீட்டு சாயவே இல்ல."

அக்கா அவன் கையைப் பிடித்தாள். முழங்கைக்கு மேலே இரண்டு விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தாள்.

"முதல் தரம்" என்றாள்.