எதிர்த்தவர்களே எழுதட்டும்

எழுபதுகளில் சிட்னியில், பல நாடுகளுக்கும் பொதுவான உணவுத் தரங்களை வகுக்கும் குழு ஒன்றுக்குக் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை பார்த்தேன். அதற்கு முன் கொழும்பில் பத்திரிகை நிருபர். அங்கே வாக்கெடுப்பு நடந்தால்தான் செய்தி. இந்தக் குழுவில் வாக்கெடுப்பே கிடையாது. ஒரு விதியில் தகராறு வந்தால், ஆஸ்திரேலியரான தலைவர், மிகக் கடுமையாக மோதிய இருவரையும் பக்கத்து அறைக்கு அனுப்பிவிடுவார். அவர்கள் சேர்ந்து ஒரே வாசகம் எழுதி வரவேண்டும். அப்படி வந்ததை மற்றவர்கள் கிளறுவதில்லை. எங்கும் எழுதி வைக்கப்படாத வழக்கம் அது.

அந்த முறை விவகாரம் உலர்த்திய தேங்காய்த் துருவல். இலங்கைச் சரக்கை ஒவ்வொரு துறைமுகமும் ஒவ்வொரு விதமாகச் சோதித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஏற்றுமதி செய்யும் நாட்டின் சோதனைச் சான்றையே எல்லோரும் ஏற்கவேண்டும் என்று இலங்கைப் பிரதிநிதி கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். இம்முறை தவறினால் அடுத்த கூட்டம் வரை அவர்களுடைய ஆலைகள் தாங்கா. எதிர்த்தவர் இந்தியப் பிரதிநிதி, மதுரைக்காரர். அவர் பக்கத்துச் சிறு ஆலைகளுக்கு அருகில் ஆய்வுக்கூடம் இல்லை. சான்று கட்டாயமானால் அவை சந்தைக்கு வெளியே நிற்கும்.

தலைவர் இருவரையும் அனுப்பினார். குறிப்பெடுக்க நானும் போனேன். கதவு மூடியதும் ஆங்கிலம் நின்றது.

"சபையில என்னை நல்லாத்தான் வெட்டினீங்கள்," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

"நீங்க மட்டும் என்ன சார், எங்க ஆலைங்களை மாட்டுக் கொட்டகைன்னீங்களே."

"ஓம், சொன்னனான். அதை விடுங்கோ. ஆய்வுக்கூடம்தானே பிரச்சினை? எங்கட கூடத்தில சோதிச்சுத் தாறம்."

"எங்க குடுமி உங்க கையிலயா? நடக்காது. எந்த உறுப்பு நாட்டுக் கூடத்துச் சான்றும் செல்லும்னு போடுங்க, ஒத்துக்கறேன்."

யாழ்ப்பாணத்துக்காரர் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். "இவ்வளவு விட்டுக்குடுத்ததுக்குக் கொழும்பில என்னைத் தின்னப்போறாங்கள்," என்றபடி எழுதினார்.

வாசகத்தைத் தலைவர் சபையில் வாசித்தார். தன் துறைமுகச் சோதனையை விட்டுக்கொடுக்க விரும்பாத பெரிய இறக்குமதி நாடு ஒன்றின் பிரதிநிதி மறுப்புரையைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். ஆனால் வந்தது எதிரிகள் இருவரின் கூட்டு வாசகம். அவர் தாளை எடுக்கவில்லை. மறுப்பு இல்லை என்று கொள்வதாகத் தலைவர் அறிவித்தார். சட்டமும் இல்லை, மிரட்டலும் இல்லை. வெறும் வழக்கம் ஒன்று பெரிய நாட்டைப் பேசாமல் இருக்க வைத்ததை நான் அதற்குமுன் எந்தச் சபையிலும் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர் என் மேசைக்கு வந்தார். "தம்பி, தந்திக் கந்தோர் எங்க? பூட்ட முந்திப் போகவேணும்."

மதுரைக்காரர் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். "வாங்க, தந்தி ஆபீசுக்கு நானும் போகணும். எனக்கு ஊர்ல விழப்போற திட்டு உங்களை விட ஜாஸ்தி."