கோபம் வராதவனின் பிரஷர்

புனேயில் கட்கி பஜாருக்குப் பின்னால் இருந்த வேதநாயகி வீட்டு மாடிக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே பரக்கா தெருவைச் சிரிக்க வைத்துவிட்டான். அவன் ஊரான தான்சானியாவில் வயதான பெண்களை மரியாதையாக 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்களாம். மாடிப்படியில் நின்றுகொண்டு, "மாமா! சாய்!" என்று அவன் குரல் கொடுத்தால் எதிர்வீட்டு மும்தாஜ் ஜன்னலைத் திறந்து, "அக்கா, உங்களுக்கு எப்போ மீசை முளைச்சுது?" என்பாள்.

சாயும் சப்பாத்தியும் அவன் பாஷையிலும் அதே பெயரோடுதான் இருந்தன. வேதநாயகிக்கு அதில் ஒரு சந்தோஷம். இரண்டு பேரும் ஹிந்தியில் தட்டுத் தடுமாறிப் பேசிக்கொள்வார்கள். கோபம் வந்தால் மட்டும் அவள் தமிழுக்குத் தாவிவிடுவாள். கோபம் அவளுக்கு அடிக்கடி வந்தது. தண்ணீர் வராவிட்டால் வரும், பால்காரன் பிந்தினால் வரும், ரேஷன் கடையில் வரிசை நகராவிட்டாலும் வரும். "வேதாவுக்குப் பிரஷர் ஏறிடுச்சு" என்று அவள் அப்பா காலத்திலிருந்தே அந்தத் தெருவில் சொல்லி வந்தார்கள். அவள் அப்பா வேலூரிலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். கணவர் அருளப்பனும் அங்கேதான் வேலை பார்த்தார். குரலை உயர்த்தியே அறியாத மனிதர்.

பரக்காவும் அப்படித்தான். வயது முப்பத்தெட்டு. குடிநீர்க் குழாய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காகப் புனே வந்தவன். ஊரில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். யாராவது வம்புக்கு இழுத்தாலும் சிரித்துவிட்டுப் போவான்.

போன தவக்காலத்தில் சர்ச்சில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. வேதநாயகிக்குத் துணையாகப் போனவன் விளையாட்டாகத் தானும் பிரஷர் பார்க்கக் கையை நீட்டினான். பட்டை அவன் புஜத்துக்குப் போதவில்லை. டாக்டர் நஸ்ரின் பெரிய பட்டையைத் தேடி எடுத்து வரச் சொல்லி, அவனைக் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார். நூற்று எண்பதுக்கு நூற்றுப் பத்து. பக்கத்து நாற்காலியில் வேதநாயகிக்கு நூற்று இருபத்து நான்குக்கு எழுபத்தெட்டு.

"மிஷினை மாத்திப் போட்டுட்டீங்களா டாக்டர்?" என்று மும்தாஜ் கேட்டாள்.

நஸ்ரின் சிரிக்கவில்லை. ஆப்பிரிக்க நாடுகளில் இந்த நோய் நிறையப் பேருக்கு இருக்கிறது, பாதிப் பேருக்கு இருப்பதே தெரிவதில்லை, தெரியும்போது இதயமோ சிறுநீரகமோ மூளையோ அடிபட்டிருக்கும் என்று அவனிடம் பொறுமையாகச் சொன்னார். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

"அப்பாவுக்கு பிரெஷா இருந்தது. வரும், போகும். ஐம்பத்தோரு வயசில் வயலில் விழுந்தார்."

பிரெஷா! அந்த வார்த்தையும் ஒன்றுதான் என்று வேதநாயகி வியந்துபோனாள். அதுதான் வினையாக முடியும் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

பரக்கா மாத்திரையைப் போட்டான். ஆனால் தலை வலித்த அன்றைக்கும், ஆராய்ச்சி வழிகாட்டி திட்டிய அன்றைக்கும் மட்டும்தான் போட்டான். கேட்டால், "இன்னைக்கு பிரெஷா இல்ல மாமா. மனசு நிம்மதியா இருக்கு" என்பான். அவள் ஊறுகாய் ஜாடியை ஒளித்தாள். குழம்பில் உப்பைக் குறைத்தாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அவன் அதையும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். மாத்திரைதான் உள்ளே போகவில்லை.

"ஏம்ப்பா, உன் குழாய்ல பிரஷர் ஏறினா அது சத்தம் போட்டுச் சொல்லுமா?"

"சொல்லாது. ஒருநாள் மூட்டு விட்டுப்போகும்."

"அப்ப உன் உடம்பு?"

"குழாய் ஜெபம் பண்ணாது, மாமா. நான் பண்றேன்."

அருளப்பனும் இப்படித்தான் இருந்தார். தெருவே அவரைப் பார்த்து, "அவருக்கா பிரஷர்? கோபமே வராதே!" என்றது. அவரும் நம்பி மாத்திரையை நிறுத்தினார். ஒருநாள் காலை செய்தித்தாளை மடிக்கும்போது வலது கை தொங்கிப்போயிற்று. நாலு நாளில் எல்லாம் முடிந்தது.

வேதநாயகி விடவில்லை. தினமும் காலைச் சாயோடு மாத்திரையையும் நீட்டி, விழுங்கும்வரை படியிலேயே நிற்பாள். இரண்டு மாதத்தில் அளவு நூற்று முப்பதுக்கு வந்தது. பரக்கா விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினான்.

அவன் போன பிறகு மாடி ஜன்னலைச் சாத்தப் போனவள் விளிம்பில் மாத்திரைகளைப் பார்த்தாள். ஊரில் போட மூன்று மாதத்துக்கென்று டாக்டர் எழுதித் தந்தவை, பிரிக்காத அட்டைகளாக ஒரு ரப்பர் பாண்டுக்குள் இருந்தன. அப்படியே எடுத்துக்கொண்டு ரிக்ஷா பிடித்தாள்.

லோஹேகாவ் விமான நிலைய வாசலில் பரக்கா இன்னும் வரிசையில்தான் நின்றிருந்தான்.

"மாமா! என்ன ஆச்சு?"

"மறந்துட்டியேப்பா."

"மறக்கல. டாக்டர்தான் பார்த்தாங்களே, பிரெஷா இறங்கிடுச்சு. இறங்கினதுக்கு எதுக்கு மாத்திரை?"

அவ்வளவுதான், தமிழ் கொட்டியது. "இறங்கினதே மாத்திரையாலதான்டா! என்ன படிச்சுக் கிழிச்ச? அந்த மனுஷனும் இதையேதான் சொன்னாரு, கொண்டுபோய் மண்ணுல வெச்சேன்! உனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு, தெரியுமா?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரிக்ஷாக்காரர் ஓடிவந்து மராட்டியில் சமாதானம் சொன்னார். "ஆஜி, சாந்த் வ்ஹா. பீ.பீ. வாடேல்." அமைதியா இருங்க பாட்டி, பிரஷர் ஏறிடும்.

பரக்காவுக்கு அந்தப் பீ.பீ. மட்டும் புரிந்தது. பயந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிறகு அட்டையைப் பிரித்து ஒரு மாத்திரையை வாயில் போட்டு, அவள் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தான்.

"இதோ, போட்டுட்டேன். இப்ப உங்க பிரெஷா இறங்கட்டும், மாமா."

மிச்ச அட்டைகளை அவன் சட்டைப் பையில் திணித்துப் பொத்தானைப் போட்டாள். அவன் கையசைத்துக்கொண்டே உள்ளே போனான். நாளைக் காலையில் அந்தப் பொத்தானை யார் கழற்றுவது?

திரும்பும் வழியில் ரிக்ஷாக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அந்த ஆள் எவ்வளவு சாந்தமா இருக்கார். மாத்திரை உங்களுக்குத்தான் ஆஜி தேவை" என்றார்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றாள் வேதநாயகி.