தேசப்பன் அண்ணன் வாயில் இருந்த தோட்டா

கோட்டைக்குப்பத்தில் வீச்சு வலைக்குக் கனம் கட்ட வேண்டுமென்றால் தேசப்பன் அண்ணனிடம்தான் போவோம். எங்கள் பக்கத்து வீடு. ஓரத்தில் கனம் இருந்தால்தான் வலை ஏரியில் விரிந்து அமிழும். ஈயம் கிடைக்காத சமயத்தில், சுட்டுப் போட்ட கைத்துப்பாக்கித் தோட்டாக்களின் வெற்றுப் பித்தளைக் கூடுகளைக் காயலான் கடையிலிருந்து ஒரு பை வாங்கி வந்தார்.

கூட்டை இரும்பு வளையத்தில் வைத்து அடிப்பக்கம் சுத்தியால் தட்டினால், இளைத்து மறுபக்கம் விழும். அப்புறம் அடியில் துளை போட்டுக் கயிற்றில் கோக்கலாம். காய்ந்த கூடு வளையத்தில் சிக்கிக்கொள்ளும். அதனால் அவர் மனைவி திரௌபதி அக்கா ஒவ்வொன்றுக்கும் தேங்காய் எண்ணெய் பூசித் தட்டில் வைப்பார். அண்ணன் நாலைந்தை அள்ளி வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டுவார். வலை கட்டுகிறவர்களுக்கு ஈயத்தை அப்படி அடக்கிப் பழக்கம்.

அன்று நான் அங்கே இறால் உரித்துக்கொண்டிருந்தேன். என்னோடு பேசியபடி பார்க்காமலே எண்ணெய் பூசிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். அண்ணனின் உதட்டு நடுவே உருண்டையாக ஒரு மூக்கு. வெற்றுக் கூட்டுக்கு மூக்கு கிடையாது. அது சுடாத தோட்டா.

அடிப்பக்கம் தட்டினால் வெடிக்கும். கத்தினால் அதிர்ந்து கடித்துவிடுவார், விழுங்கினாலும் விழுங்குவார். வேண்டாமென்றால் வீம்புக்கு ரெண்டு தட்டு கூடத் தட்டுகிற ஆள்.

“இன்னாடி முழிக்கிற? எண்ண தீந்துபோச்சா?” வாய் ஓரமாகக் கேட்டார்.

“அம்மன் கோயில் பிரசாதம் கீது. வாய காலி பண்ணு.”

“தட்டிட்டு துன்றேன்.”

“பித்தளைய வாயில வெச்சிக்கினு சாமிய காக்க வெப்பியா?”

தண்ணீரில் இறங்கும் முன் அம்மனுக்குக் கற்பூரம் காட்டாமல் போகாதவர் அண்ணன். எல்லாவற்றையும் அக்கா கையில் துப்பினார். எண்ணெயும் எச்சிலுமாக வழுக்கியது. விரல் இடுக்கில் நழுவியதை அக்கா இறுக்கிப் பிடித்தார்.

“பிரசாதம் எங்க?”

அக்கா கையை விரித்தார். அண்ணன் பார்த்தார். சுத்தியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

“ஸ்டேஷன்ல சொல்லிடலாம்,” என்றார் அக்கா.

“எங்க வாங்குனன்னு என்னை கேப்பாங்கடி.”

“கேக்கட்டும். கேக்கறதுக்கு நீ கீறியே.”

போலீசார் வந்து விசாரித்து, அதை எடுத்துப் போய்விட்டார்கள். அதுவரை நான் கர்த்தரை வேண்டிக்கொண்டே இருந்தேன். அவர்கள் போனதும் அக்கா கோயிலுக்கு ஓடி, அர்ச்சகரிடம் கெஞ்சிப் பொங்கல் வாங்கி வந்து அண்ணன் வாயில் ஊட்டினார். சாமி பேரில் சொன்ன சொல் பொய்யாகக் கூடாதாம்.

அவர் மென்று முடிக்கும்வரை அக்கா அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.